கணப்புச் சட்டியும் கரி மூட்டையும்

ஐப்பசி அடைமழை பிடித்துக்கொண்டால் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் அடங்கிவிடும். தெருவில் பாவு நீட்ட முடியாது. தறிக்குழியில் ஈரம் ஊறும். பள்ளமான வீடுகளில் தண்ணீரே நிற்கும். ஈரக் காற்றில் பட்டு இழையும் சொன்ன பேச்சுக் கேட்காது. அப்படிப்பட்ட ஒரு வாரத்தில், பிள்ளை பெற்ற பெண்ணும் அந்த வீட்டில் படுத்திருந்தால், பாட்டிமார் முதலில் தேடுவது ஒரு மண் சட்டியையும் இரண்டு கை அடுப்புக்கரியையும்தான். கரியைக் கொல்லையில் வைத்துப் பற்ற வைத்து, விசிறியால் விசிறி, புகை முழுவதும் போய்க் கங்கு செக்கச் செவேலென்று ஆனபிறகு சட்டியை உள்ளே கொண்டுவந்து கட்டிலின் ஓரத்தில் வைப்பார்கள். குளிர்காற்று பட்டால் தாய்க்கும் சேய்க்கும் ஆகாதென்று கதவைச் சாத்துவார்கள். ஜன்னலின் இடுக்கில் பழந்துணியைத் திணிப்பார்கள்.

இத்தனையும் அன்பினால் செய்கிற காரியம். ஆனால் இதில் ஒரு பெரிய தவறு இருக்கிறது. அந்தத் தவறு என்ன என்று பார்ப்பதற்குக் கரி மூட்டையிலிருந்தே தொடங்கவேண்டும்.

கரியா? அது இன்னும் விற்கிறதா?

சமையல் எரிவாயு வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டதே, இப்போது யார் கரி வாங்குகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். குமுட்டி அடுப்பு பரணுக்கு ஏறிவிட்டது உண்மைதான். ஆனால் கரி ஊரை விட்டுப் போய்விடவில்லை. தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுபவர்களில் சிலர் எரிவாயுப் பெட்டிக்கு மாறிவிட்டாலும், கரிப் பெட்டியை விடாதவர்கள் பலர். பொற்கொல்லர் பட்டறைக்குக் கரி வேண்டும். கோயிலில் தூபக்காலுக்கு வேண்டும். குழந்தையைத் தலைக்குக் குளிப்பாட்டிச் சாம்பிராணி காட்டும் வீட்டுக்கு வேண்டும். கடையில் 'கம்ப்யூட்டர் சாம்பிராணி' என்று விற்கிறதே, அது என்ன? கரித்தூளை அச்சில் அழுத்திச் செய்த வில்லைதான். கரி வேண்டாம் என்று சொல்கிற நாகரிக வீட்டிலும் கரி வேறு வேஷத்தில் நுழைந்திருக்கிறது. இவர்களோடு புதிதாகச் சேர்ந்தவர்கள், மொட்டை மாடியில் கோழி வாட்டித் தின்னும் இளைஞர்கள்.

மூட்டம் போட்டு எடுப்பது

தமிழ்நாட்டில் கரி என்றால் இன்று பெரும்பாலும் சீமைக்கருவேலங் கரிதான். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் வறண்ட காட்டில், வேறு பயிர் வராத நிலத்தில், இந்த முள்மரம் மண்டிக் கிடக்கிறது. வெட்டிய கட்டைகளை ஒழுங்காக அடுக்கி, மேலே வைக்கோலும் தழையும் பரப்பி, ஈர மண் பூசி மூடி, ஓரிடத்தில் நெருப்பு வைப்பார்கள். காற்று தாராளமாகப் போனால் மரம் சாம்பலாகிவிடும். அடியோடு போகாவிட்டால் நெருப்பு அணைந்துவிடும். போயும் போகாமலும் நாட்கணக்கில் புழுங்கினால்தான் மரம் கரியாகும். இதற்கு மூட்டம் போடுவது என்று பெயர். இரவும் பகலும் பக்கத்திலேயே காவல் இருந்து, மண் வெடித்த இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கவேண்டும். ஏறக்குறைய நாலைந்து கிலோ மரம் போட்டால் ஒரு கிலோ கரி கிடைக்கும்.

இவ்வளவு மரத்தைப் பலி கொடுத்து என்ன லாபம் என்றால், சூடுதான். காற்றில் உலர்ந்த விறகு கிலோவுக்கு 3,500 முதல் 4,000 கிலோ கலோரி வரை வெப்பம் தரும். நல்ல கரி ஏறக்குறைய 7,000 தரும். புகையும் இல்லை. சவுக்குக் கரியும் கொட்டாங்கச்சிக் கரியும் சந்தையில் உண்டு. கொட்டாங்கச்சிக் கரி கெட்டியானது. அதிகச் சாம்பல் விடாது. தட்டாருக்கு அதன் மேல் தனிப் பிரியம்.

மூட்டையின் அடியில் என்ன?

கரி வாங்குவதில் ஒரு சூட்சுமம் உண்டு. கரி தண்ணீர் குடிக்கும். அதன் உடல் முழுவதும் கண்ணுக்குத் தெரியாத துவாரங்கள். மழைக் காற்றில் சும்மா வைத்தாலே ஈரம் இழுத்துக்கொள்ளும். மூட்டத்தைச் சீக்கிரம் பிரிக்கும் அவசரத்தில் தண்ணீர் அடித்து அணைத்த கரியானால் கேட்கவே வேண்டாம். எடை போட்டு வாங்கும்போது 40 கிலோ மூட்டையில் பத்தில் ஒரு பங்கு ஈரம் என்று வைத்துக்கொண்டால், 4 கிலோ தண்ணீருக்குக் கரி விலை கொடுக்கிறோம். அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதற்கும் நம் கரியே எரியவேண்டும். நஷ்டம் இரட்டிப்பு.

அப்படியானால் எடை பார்க்காமல் மூட்டைக் கணக்கில் வாங்கினால் தப்பித்துவிடலாமா? அங்கே வேறு வித்தை. மூட்டையின் வாயில் கை கையாகப் பெருங்கட்டைகள் இருக்கும். அடியில் தூளும் மண்ணும் இருக்கும். "நல்ல சரக்கும்மா, அப்படியே எடுத்துக்கிட்டுப் போங்க" என்பார் கடைக்காரர். "கொஞ்சம் கொட்டிக் காட்டுங்க அண்ணே" என்று சொல்ல வெட்கப்படக் கூடாது. கொட்ட மனமில்லை என்றால் மூட்டையைச் சாய்த்து அடிப்பக்கத்தைக் கையால் அமுக்கிப் பார்க்கலாம். கட்டையாக இருந்தால் கை தடுக்கும். தூளானால் மாவு மூட்டைபோல் அமுங்கும்.

நன்றாக வெந்த கரியைக் கண்டுபிடிக்கக் காது போதும். இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டினால் ஓட்டைத் தட்டியதுபோல் 'கணீர்' என்று கேட்கவேண்டும். ஈரக் கரியும் வேகாத கரியும் 'தொப்' என்னும். ஒடித்துப் பார்த்தால் உட்புறம் பளபளப்பாக இருக்கவேண்டும். பழுப்பு நிறம் தெரிந்தால் அது பாதி விறகு. அடுப்பில் வைத்ததும் புகைந்து கண்ணைக் கரிக்கும். பாவம், இதற்காக எந்நேரமும் கடைக்காரரையே குறை சொல்லவும் முடியாது. மூட்டம் பிரித்தவர், லாரி ஏற்றியவர், கொட்டகை வைத்திருப்பவர் என்று நாலு கை மாறி வரும் சரக்கு அது. ஆனால் கடைசிக் கை காசு கொடுக்கும் கை. பார்த்து வாங்கவேண்டியதும் அந்தக் கைதான். மாசி, பங்குனி வெயிலில் வாங்கினால் இந்தத் தொல்லையில் பாதி குறையும்.

நெய்வேலி அனுப்பிய லெகோ

மரக்கரிக்கு ஒரு போட்டியும் வந்துபோனது. தென்னாற்காட்டில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டும்போது தலைகாட்டிய கறுப்புப் பொருள், பழுப்பு நிலக்கரி என்று தெரியவந்து, 1956-இல் நெய்வேலி நிலக்கரிக் கழகம் ஏற்பட்டது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணில் பட்டது. வெட்டி எடுத்தபோது அது பாதிக்குப் பாதி ஈரம்; வீட்டு அடுப்புக்கு உதவாது. ஆகவே அதை உலர்த்தி, வில்லையாக அழுத்தி, காற்றுப் படாமல் சுட்டு, 'லெகோ' என்ற பெயரில் விற்றார்கள். விறகுக்காகக் காடு அழிவதைத் தடுக்கவேண்டும் என்பதும் அதன் நோக்கம்.

1960-களிலும் அதற்குப் பின்னும் தமிழ்நாட்டுக் குடும்பங்களில் லெகோ மூட்டை பழகிய பொருள். பற்றிக்கொள்ள அடம் பிடிக்கும். பற்றிவிட்டால் நெடுநேரம் நின்று எரியும். மண்ணெண்ணெய் அடுப்பும் எரிவாயுவும் பரவியபின் கேட்பார் குறைந்தார்கள். ஆலையும் மூடப்பட்டது. இன்று லெகோ என்றால் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள்தான் தலையாட்டுவார்கள்.

கரிக்கும் பட்டுக்கும் ஆகாது

நெசவாளர் வீட்டில் தறி, சமையல், படுக்கை எல்லாம் ஒரே கூரையின் கீழ். கரி மூட்டைக்கு இடம் தேடுவது அங்கே சாதாரண விஷயம் அல்ல. சாக்கை ஒருமுறை இழுத்துப் போட்டாலே கறுப்புத் தூள் எழும்பும். அது காற்றில் மிதந்து பாவில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை வெளிர்நிறச் சேலை நெய்தவரிடம் கேட்டால் தெரியும். பத்துப் பதினைந்து நாள் வேலை ஒரு கைத்தடத்தில் கெட்டுவிடும். துடைக்கத் துடைக்கப் பரவும் கறை அது. சரிகைக்குள் இருப்பது வெள்ளி. அதன் மேல் தங்க முலாம். வெள்ளிக்குக் கந்தகம் ஜன்ம விரோதி. நிலக்கரி வகைகளில் கந்தகம் உண்டு. ஆகையால் மரக்கரி, நிலக்கரி எதுவானாலும் தறி இருக்கும் கூடத்துக்கு வரக்கூடாது. சேலைப் பெட்டிக்குப் பக்கத்திலும் கூடாது.

கொல்லைத் தாழ்வாரம்தான் சரியான இடம். தரையில் நான்கு செங்கல் வைத்து, மேலே பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி மூட்டையை நிறுத்தவேண்டும். அடியிலும் பக்கத்திலும் காற்று ஓடினால் ஈரம் ஏறாது. கோணிச் சாக்கு நல்லது. பழைய உரச்சாக்கில் வியர்த்து, அடிக்கரி நனைந்துவிடும். நாலு நாளைக்கு வேண்டிய கரியை மூடி போட்ட தகர டின்னில் எடுத்து வைத்துக்கொண்டால், தினமும் மூட்டையைக் குலுக்கிப் புழுதி கிளப்ப வேண்டியதில்லை. எடுப்பதற்கு ஓர் இடுக்கியோ தேங்காய் ஓட்டு அகப்பையோ போதும். மண்ணெண்ணெய், வைக்கோல், எருமுட்டை எதுவும் அருகில் இருக்கலாகாது.

அடியில் சேரும் தூளைக் கொட்டிவிடுபவர்கள் உண்டு. நம் பாட்டிமார் கொட்டமாட்டார்கள். சாணமும் சோற்றுக் கஞ்சியும் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவில் உருட்டி வெயிலில் காயவைப்பார்கள். அந்தக் கரி உருண்டை மெதுவாக, சீராக எரியும். இதே தூளால் பல் விளக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடலாம். பல்லின் மேற்பூச்சை அது அராவிவிடும்.

மூட்டை வந்த அன்றே கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. மூட்டத்திலிருந்து புதிதாக எடுத்த கரி, நெருப்பே வைக்காமல் தானாகச் சூடேறக்கூடும். கரியின் துவாரங்கள் காற்றிலுள்ள பிராணவாயுவை இழுத்துப் பிடிக்கும்போது வெப்பம் உண்டாகிறது. குவியலின் நடுவில் அந்த வெப்பம் வெளியே போக வழியின்றிச் சேர்ந்துகொண்டே வரும். அணைந்துபோனதாக நினைத்த ஒரு கங்கு சாக்குக்குள் உயிரோடு இருப்பதும் உண்டு. இது ஏதோ பட்டிக்காட்டுப் பயம் என்று நினைக்கவேண்டாம். 2015-க்கும் 2022-க்கும் இடையில் கரி ஏற்றிச் சென்ற சரக்குக் கப்பல்களில் குறைந்தது 68 தீவிபத்துகள் கணக்கில் வந்தன. அதனால் சர்வதேசக் கடல்சார் விதிகளைத் திருத்தி, 2026 ஜனவரி முதல் கட்டாயமாக்கியிருக்கிறார்கள். கரியை மூட்டையில் கட்டுமுன் 14 நாள் காற்றாட ஆறப்போடுவது, அல்லது அதற்கு ஈடான வேறு முறையில் பதப்படுத்துவது, கட்டும்போது சூடு 40 டிகிரிக்கு மேல் இல்லாமல் பார்த்துக்கொள்வது என்பவை அந்த விதிகள். கப்பலுக்கே இந்தப் பாடு என்றால், கூரை வீட்டுத் தாழ்வாரத்துக்குச் சொல்லவேண்டியதில்லை. புதுமூட்டை வந்ததும் உள்ளே கை விட்டுப் பார்ப்பது நல்லது. வெதுவெதுப்பு இருந்தால், வீட்டுக்கு வெளியே வெட்டவெளியில் பரப்பி ஆறவிட்டபிறகே கட்டவேண்டும்.

புகை போனபின் வருவது

இப்போது அந்தக் கணப்புச் சட்டிக்குத் திரும்புவோம்.

புகைதான் கெடுதல், புகை அடங்கிச் செந்தணல் ஆனபின் கவலை இல்லை என்பது நம் வீடுகளில் வேரூன்றிப்போன எண்ணம். அதுதான் தவறு. புகை கண்ணை எரிக்கும், இருமவைக்கும். ஆகவே மனிதன் எழுந்து ஓடிவிடுவான். செந்தணலிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடு என்ற வாயுவுக்கு நிறம் இல்லை, மணம் இல்லை, எரிச்சலும் இல்லை. கரிக்குப் போதிய காற்றுக் கிடைத்தால் கரியமில வாயு உண்டாகும். சட்டிக்குள் கங்குகள் நெருங்கிக் கிடந்து, காற்றுக் குறையும்போது அரைகுறையாக எரிந்து இந்த விஷவாயு உண்டாகும். கதவு சாத்திய அறையில் நேரம் ஆக ஆக அது பெருகும். தணலின் மேல் சாம்பல் படிந்து, 'நெருப்பு அடங்கிவிட்டது' என்று தோன்றும் வேளையிலும் வந்துகொண்டே இருக்கும். நீறுபூத்த நெருப்பு என்று சொல்வது இங்கே வெறும் பேச்சு அல்ல.

இது எப்படிக் கொல்கிறது என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி கிளாட் பெர்னார்ட் 1850-களிலேயே ஆராய்ந்து சொன்னார். நம் ரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்கள் பிராணவாயுவைச் சுமந்து உடலெங்கும் கொண்டுபோகின்றன. அவற்றோடு ஒட்டிக்கொள்வதில் பிராணவாயுவைவிட இந்த வாயுவுக்கு 200 மடங்குக்கு மேல் பலம். பயணி ஏறவேண்டிய வண்டியில் வேறொருவர் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்க மறுப்பதுபோல் ஆகிவிடுகிறது. மூச்சு ஓடிக்கொண்டே இருக்கும். ஆனால் மூச்சால் பயன் இல்லை.

முதலில் தலை வலிக்கும். பிறகு குமட்டல், தலைச்சுற்றல், கால் சோர்வு, தூக்கம். மழைக்காலத்தில் இவற்றை யார் பெரிதாக எடுத்துக்கொள்வார்கள்? ஜலதோஷம் என்றோ, அஜீர்ணம் என்றோ நினைத்து இன்னொரு போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்வார்கள். உலகப் புகழ்பெற்ற நாவலாசிரியர் எமிலி ஜோலாவும் அப்படித்தான் நினைத்தார். 1902 செப்டம்பர் இறுதியில் அவரும் மனைவியும் பாரீஸ் வீட்டுக்குத் திரும்பினார்கள். குளிர் அதிகம் என்று படுக்கையறைக் கணப்பில் நிலக்கரி மூட்டியிருந்தார்கள். புகைபோக்கி சரியாக இழுக்கவில்லை. ஜன்னல் சாத்தியிருந்தது. நடுஇரவில் இருவருக்கும் உடம்பு சரியில்லை. சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை போலும், காலையில் சரியாகிவிடும் என்று வேலைக்காரர்களை எழுப்பவில்லை. காலையில் கதவை உடைத்துப் பார்த்தபோது ஜோலா தரையில் கிடந்தார். மனைவி மட்டும் பிழைத்தார்.

பாரீஸ் வெகுதூரம். 2024-இல் நம் கொடைக்கானலில் இறைச்சி வாட்டிய கரியடுப்பை அறைக்குள் வைத்துக்கொண்டு உறங்கிய இளைஞர்கள் விடிந்தபோது உயிரோடு இல்லை என்று செய்தி வந்தது. உதகையிலும் குளிர்காலத்தில் போலீசார் இதைப்பற்றி எச்சரிப்பது உண்டு. மலையூரில் குளிர் அதிகம்; காஞ்சிபுரத்தில் அவ்வளவு இல்லையே என்றால், வாயுவுக்குக் குளிர்க் கணக்குத் தெரியாது. சாத்திய கதவுதான் அதற்கு வேண்டியது. மார்கழிப் பனியும் ஐப்பசி மழையும் அந்தக் கதவைச் சாத்திக் கொடுக்கின்றன.

இதில் முதலில் அகப்படுவது பச்சைக் குழந்தை. பெரியவர்களைவிட வேகமாக மூச்சு வாங்கும் உயிர் அது. தலை வலிக்கிறது என்று சொல்ல அதற்கு வாய் இல்லை. அழுகை நின்று அசந்து தூங்கினால், 'சூடு இதமாக இருக்கிறது, குழந்தை நன்றாகத் தூங்குகிறது' என்று பெரியவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்தால் கெட்ட காற்றை அது இழுத்துக்கொள்ளும் என்று சிலர் சொல்வதுண்டு. இந்த வாயு தண்ணீரில் கரைவது மிகமிகச் சொற்பம். வேப்பிலையோ சாம்பிராணியோ தூவினால் வாசனை மாறும், விஷம் மாறாது. கட்டிலில் படுத்தால் ஆபத்தில்லை, தரையில்தான் ஆபத்து என்பதும் சரியல்ல. இது காற்றோடு ஏறக்குறைய ஒரே கனம். அறை முழுவதும் கலந்து நிற்கும்.

செய்யக்கூடியது என்ன? பிள்ளை பெற்ற அறையில் கரிச் சட்டி வைக்காமல் இருப்பதே உத்தமம். இரண்டு மடிப்புப் பருத்தித் துணி, தலைக்குக் குல்லாய், தாயின் மார்போடு அணைத்த சூடு இவை போதும் என்கிறார்கள் மருத்துவர்கள். சாம்பிராணிப் புகையையும் சிசுவுக்குக் காட்டவேண்டாம் என்றே சொல்கிறார்கள். தலையை உலர்ந்த துணியால் துவட்டினால் முடிந்தது. வயதானவர்கள் கை கால் காய்ச்சிக்கொள்ள ஆசைப்பட்டால் திண்ணையிலோ, முற்றத்தின் ஓரத்திலோ, காற்று இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகும் இடத்தில் உட்காரலாம். ஜன்னலை விரல்கடை திறந்துவைத்துவிட்டுத் தைரியமாகத் தூங்குவது கூடாது. யாருக்காவது தலை சுற்றினால், காரணம் விசாரிப்பதற்குமுன் கதவைத் திறந்து, ஆளை வெளியே கொண்டுவந்து, 108-க்குச் சொல்லவேண்டும். ஆஸ்பத்திரியில் பிராணவாயு கொடுப்பார்கள். வந்தவர்களிடம் 'அறையில் கரி எரிந்தது' என்று மறக்காமல் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் வேறு வியாதிக்கு வைத்தியம் நடக்கும்.

அணைக்கும் விதம்

வேலை முடிந்த கங்கின்மேல் தண்ணீர் ஊற்றுவது பலருடைய வழக்கம். கொதிக்கும் ஆவி கையில் அடிக்கும், மண் சட்டி வெடிக்கும், கரியும் பாழ். கங்கை இடுக்கியால் எடுத்து, இறுக மூடும் பழைய தகர டப்பாவில் போட்டு, கொல்லையில் கல்லின்மேல் வைத்துவிட்டால் காற்றில்லாமல் தானே அணையும். டப்பாவை இரவில் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. சாம்பலையும் உடனே குப்பையில் கொட்டாமல் ஒரு நாளாவது தகரப் பாத்திரத்தில் ஆறவிடவேண்டும்.

மறுநாள் காலையில் டப்பாவைத் திறந்தால் மிச்சக் கரி முழுசாக இருக்கும். ஒருமுறை எரிந்த கரி என்பதால் புதுக்கரியைவிடச் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். கோடி வேட்டிக்கு இஸ்திரி போட அது தாராளமாகப் போதும்.